பீரங்கிக்குப் பின்னால் நின்றவர்கள்

ஞாயிறு மாலை கொழும்பு காலிமுகத்திடல். கடலைப் பார்த்திருக்கும் பழைய பீரங்கியொன்றில் மகள் ஏறி இருந்தாள். இறங்கும்போது உள்ளங்கை முழுக்கத் துரு. குழாய் வாயில் யாரோ ஐஸ்கிரீம் கோப்பையைத் திணித்திருந்தார்கள். "இதை யார் சுட்டது அப்பா?" என்று கேட்டாள். ஒல்லாந்தர் கதையைச் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் மனசு கேட்கவில்லை.

நம்மாட்களும் பீரங்கி சுட்டவர்கள்தான். சிலோன் கரிசன் ஆர்ட்டிலரி என்ற கரையோரப் பீரங்கிப் படையில் இருந்தவர்கள் இந்தத் தீவின் பிள்ளைகள். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று ஜப்பான் கொழும்பைத் தாக்கியது வானத்திலிருந்து. கப்பலை எதிர்பார்த்துக் கரையில் நிறுத்திய பீரங்கி விமானத்தை என்ன செய்யும்?

அந்தப் படையில் ஒரு பிரிவு அப்போது கொழும்பிலிருந்து ஏறத்தாழ 2,800 கிலோமீற்றர் தள்ளி, இந்து சமுத்திரத்துக் கொக்கோஸ் தீவுகளில் இருந்தது. ஹோர்ஸ்பர்க் தீவில் இரண்டு ஆறு அங்குலப் பீரங்கிகள். ஒவ்வொரு குண்டும் 45 கிலோ அளவு. பக்கத்துத் தீவிலிருந்த கடலடித் தந்தி நிலையத்தைக் காப்பதுதான் வேலை. மே 8 இரவு கிரேஷன் பெர்னாண்டோ தலைமையில் கொஞ்சப் பேர் கிளர்ந்தார்கள். அதிகாரிகளைப் பிடித்து, தீவை ஜப்பானிடம் கொடுப்பது திட்டம். கிளர்ந்தவர்களின் பிரென் இயந்திரத் துப்பாக்கி இறுகிக்கொண்டது, திட்டம் குலைந்தது. அதற்குள் சக இலங்கைச் சிப்பாய் ஒருவர் செத்துப்போனார். ஆகஸ்ட் 5 அன்று கொழும்பு வெலிக்கடைச் சிறையில் பெர்னாண்டோவைத் தூக்கிலிட்டார்கள். அடுத்த சில நாட்களில் கார்லோ கவுடர், பென்னி டி சில்வா. இரண்டாம் உலகப் போரில் கலகத்துக்காக மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட பொதுநலவாயப் படையினர் இந்த மூவர் மட்டுமே.

அவர்கள் செய்தது சரியென்று நான் வாதாட வரவில்லை. ஜப்பான் போன இடங்களில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். செத்துப்போன அந்தச் சிப்பாய்க்கும் ஒரு தாய் இருந்திருப்பாள். ஆனாலும் வெள்ளைக்காரனுக்காகக் கடலோரம் காவல் நிற்கவேண்டிய நிலையில் அவர்களுக்குள் எரிந்த கோபத்தை "துரோகம்" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைக்க என்னால் முடியாது.

நான் பள்ளிக்கூடத்தில் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று கோட்டைகளின் ஆண்டுகளை மனப்பாடம் செய்தேன். இந்த மூன்று பெயரும் என் காதில் விழுந்தது நாற்பது வயதுக்குப் பிறகு. காலிமுகத்திடலில், பிள்ளைகள் ஏறி விளையாடும் அந்தப் பீரங்கிகளுக்குப் பக்கத்தில், மூன்று மொழியிலும் இந்தக் கதையை எழுதி வைக்கவேண்டும். செத்துப்போன சிப்பாயின் பெயரையும் சேர்த்து.

அடுத்த முறை பேஸ்லைன் வீதியில் வெலிக்கடை மதிலைத் தாண்டும்போது மகளிடம் மிச்சக் கதையைச் சொல்லப்போகிறேன்.