லைபேஸ் எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்

கணைய அழற்சி பற்றிய இந்தக் கட்டுரையில், ரத்தத்தில் லைபேஸ் (கணையம் சுரக்கும் ஒரு செரிமான நொதி) எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு ஆபத்து என்று ஒரு வரி வருகிறது. தயவுசெய்து திருத்துங்கள். அமைலேஸ் (இன்னொரு கணைய நொதி), லைபேஸ் இரண்டும் நோயைக் கண்டுபிடிக்கத்தான். அதன் தீவிரத்தை அவை சொல்லாது. என் அண்ணனுக்கு லைபேஸ் மூவாயிரத்தைத் தாண்டியது, ஐந்தாம் நாள் வீடு திரும்பினார். பக்கத்துக் கட்டில்காரருக்கு அதில் பாதிகூட இல்லை. மூச்சுத் திணறி ஐசியுவுக்குப் போனார்.

தீவிரத்தைக் கணிக்க உதவுவது பைசாப் (BISAP) என்ற மதிப்பெண் முறை. அதில் பார்ப்பவை: ரத்த யூரியா நைட்ரஜன் 25 மி.கி./டெ.லி.-க்கு மேல், மனக்குழப்பம், உடல் முழுவதும் பரவிய அழற்சியின் அறிகுறிகள், வயது 60-க்கு மேல், நுரையீரலைச் சுற்றி நீர். இந்த ஐந்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். முதல் 24 மணி நேரத்திலேயே கணக்கிடலாம். மூன்று வந்துவிட்டால் உஷாராக வேண்டும். 1974-இல் வந்த ரான்சன் அளவுகோலுக்கோ 48 மணி நேரம் பிடிக்கும்.

இன்னொன்று, முதல் நாள் சி.டி.யில் கணையம் நன்றாகத் தெரிந்தாலும் முழு நிம்மதி வேண்டாம். திசு அழுகல் தெளிவாகத் தெரியச் சில நாட்கள் ஆகும். அதுவரை சிறுநீர் அளவு, மூச்சு, யூரியா ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைத் தினமும் டாக்டரிடம் கேளுங்கள். உறுப்புச் செயலிழப்பு 48 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால்தான் கணைய அழற்சியைத் தரம் பிரிக்கும் 2012 அட்லாண்டா வகைப்பாடு அதைத் தீவிரம் என்கிறது.