சென்டிரியான் பெர்ஹாட்டும் ஜாமீன் கையெழுத்தும்

மலேசியாவின் கிள்ளானில் சிறு வணிகர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். "கம்பெனியை சென்டிரியான் பெர்ஹாட் (தனியார் வரையறுக்கப்பட்ட நிறுவனம்) ஆக்கிவிட்டேன், இனிக் கடன்காரன் என் வீட்டு வாசலுக்கு வர முடியாது" என்று பெருமையோடு சொல்பவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். அவர்கள் சொல்வது பாதி சரி. 2017 ஜனவரி 31 அன்று நடப்புக்கு வந்த 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின்படி, ஒரே ஒருவர் உறுப்பினராகவும் இயக்குநராகவும் இருந்துகூட நிறுவனம் தொடங்கலாம். நிறுவனம் சட்டத்தின் பார்வையில் தனி நபர், அதன் கடன் பங்குதாரரின் கடன் அன்று. தனி உரிமையாளராகப் பதிந்து கடை நடத்துபவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. ஆனால் வங்கி நீட்டும் ஜாமீன் பத்திரத்தில் இயக்குநர் தம் சொந்தப் பெயரில் கையெழுத்திட்ட மறுகணமே, அந்தக் கடனைப் பொறுத்தவரை நிறுவனம் என்ற சுவரில் அவரே கதவு வைத்துவிடுகிறார்.

நம் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், இந்தியாவின் 1872ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பின்பற்றி எழுதப்பட்டது. சென்னையில் படித்த வழக்கறிஞர் இதைப் புரட்டினால் பல இடங்களில் பிரிவு எண்கள் மட்டுமே மாறியிருப்பதைக் காண்பார்; அங்கே 128, இங்கே 81. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதப்பட்டிருந்தாலொழிய, ஜாமீன் நின்றவரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்கு இணையானது என்பதே அந்தப் பிரிவு. "முதலில் அவனிடம் கேளுங்கள், அவனால் முடியாவிட்டால் என்னிடம் வாருங்கள்" என்று நம்மவர்கள் சொல்லும் வாதம் இதனால்தான் எடுபடுவதில்லை. கடனாளியின் மீது வழக்குத் தொடுக்காமலே ஜாமீன்தாரர் மீது வங்கி வழக்குத் தொடுக்கலாம். ஜாமீன்தாரர் அறியாமல் கடன் நிபந்தனைகளை மாற்றினால் அவரை விடுவிக்கும் பிரிவுகளும் சட்டத்தில் உண்டு. ஆனால் வங்கிகளின் அச்சடித்த பத்திரங்கள் அந்த உரிமைகளைப் பெரும்பாலும் முன்கூட்டியே பறித்துவிடுகின்றன.

இதே சட்டம் ஓர் உணவகத்தின் பரோட்டா மாஸ்டருக்குத் தாராளமாகக் கை கொடுக்கிறது என்பது வேடிக்கை. "வேலையை விட்டபின் இரண்டு ஆண்டுகளுக்கு இந்த ஊரில் கடை போடக் கூடாது" என்று முதலாளி எழுதி வாங்கியிருந்தாலும், 28ஆம் பிரிவின்படி அது செல்லாது. பிழைப்பைத் தடுக்கும் கையெழுத்தைச் சட்டம் தானாகவே அழிக்கிறது. வீட்டையே விழுங்கக்கூடிய கையெழுத்தை அப்படியே காக்கிறது.

திவால் சட்டத்தில் ஓரளவு இரக்கம் வந்திருக்கிறது. 1967ஆம் ஆண்டுச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டபோது, கல்விக் கடன், சொந்தப் பயன்பாட்டுக்கான வாகனக் கடன், குடியிருக்கும் வீட்டுக்கான கடன் ஆகியவற்றுக்குப் பலன் எதுவும் பெறாமல் ஜாமீன் நிற்பவர் 'சமூக ஜாமீன்தாரர்' எனப் பிரிக்கப்பட்டார். அவரைத் திவாலாக்க முடியாது. மற்ற ஜாமீன்தாரர்களைத் திவாலாக்க வேண்டுமானால், கடனாளியிடம் வசூலிக்கும் வழிகளையெல்லாம் முயன்று பார்த்துவிட்டு நீதிமன்ற அனுமதி பெற வேண்டும். ஒருவரைத் திவாலாக்கத் தேவையான குறைந்தபட்சக் கடன் தொகை முன்பு 30,000 ரிங்கிட்டாக இருந்து, 50,000 ஆகி, இப்போது 100,000 ஆக நிற்கிறது. இருப்பினும் திவாலாக்குவதற்குத்தான் இந்தத் தடைகள். பணம் கேட்டு வழக்குப் போடுவதற்கு அல்ல.

என் குறை இங்கேதான் தொடங்குகிறது. மகன் தொடங்கிய போக்குவரத்து நிறுவனத்துக்காக, அதில் ஒரு பங்குகூட இல்லாத அம்மா கையெழுத்திடுகிறார். வணிகக் கடன் என்பதால் அவர் சமூக ஜாமீன்தாரர் ஆவதில்லை. கடனின் பெயரைப் பார்த்துக் கோடு கிழித்த சட்டம், கையெழுத்திட்டவருக்கு அதில் என்ன ஆதாயம் என்று பார்த்திருக்க வேண்டும். நெருக்குதலால் கையெழுத்திட்டதாக அவர் வாதிடலாம்தான். பெற்ற மகனுக்கு எதிராக எந்த அம்மா அப்படிச் சாட்சி சொல்வார்? ஆதாயமில்லாத ஜாமீன்தாரர், வங்கியையும் கடனாளியையும் சாராத ஒரு வழக்கறிஞரிடம் விளக்கம் பெற்ற பிறகே கையெழுத்திட வேண்டும் என்று சட்டமாக்குவதே குறைந்தபட்ச நியாயம் என்பேன். ஜாமீன் இல்லாவிட்டால் சிறு வணிகருக்குக் கடனே கிடைக்காது என்ற மறுப்பில் உண்மை உண்டு. ஆனால் அடமானம் வைக்கச் சொத்தில்லாத சிறு வணிகர்களுக்காகவே கடன் உத்தரவாதக் கழகம் 1972 முதல் இந்நாட்டில் இயங்கி வருகிறது. அந்த வழியை விரிவாக்கலாமே.

அதுவரை, பத்திரத்தில் ஜாமீன் தொகைக்கு உச்சவரம்பு இருக்கிறதா என்றும், 'தொடர் ஜாமீன்' (பின்னால் எடுக்கப்படும் கடன்களுக்கும் நீளும் ஜாமீன்) என்ற சொல் இருக்கிறதா என்றும் பாருங்கள். என்னிடம் கணக்குக் கொடுத்துவந்த ஒருவர், பங்குகளைக் கூட்டாளிக்கு விற்றுப் பதவியும் விலகிய பிறகு வங்கியிடமிருந்து கோரிக்கைக் கடிதம் வந்ததாகப் பதறிக்கொண்டு வந்தார். அதில் கேட்டிருந்த ஓவர்டிராஃப்ட் தொகையின் பெரும்பகுதி அவர் விலகியபின் கூட்டாளி எடுத்தது. விலகல் பத்திரங்களை நிறுவன ஆணையத்தில் ஒழுங்காகப் பதிந்திருந்தார்; தம் ஜாமீனை நிறுத்திக்கொள்வதாக வங்கிக்கு மட்டும் ஒரு வரி எழுதவில்லை.