நான்கு பாக்கெட் எண்ணெய்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சூப்பர் மார்க்கெட்டின் எண்ணெய் அடுக்கின் முன்னால் எங்கள் தெரு மளிகைக் கடை அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் வண்டியில் நான்கு சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட்டுகள்; வேறு எதுவும் இல்லை. சற்றுத் தள்ளி அவருடைய மச்சினன், அவன் வண்டியிலும் அதே நான்கு. பில் போடும் இடத்தில் அண்ணாச்சியின் கடைப் பையன், கையில் நான்கு. மூன்று பேரும் ஒருவரையொருவர் முன்பின் பார்த்திராதவர்கள் போல நின்றுகொண்டிருந்தார்கள். 'ஒருவருக்கு நான்கு மட்டும்' என்று மேலே ஓர் அட்டை தொங்கியது.

என்னைப் பார்த்ததும் அண்ணாச்சி கொஞ்சம் கூச்சத்தோடு சிரித்தார். வெளியே வந்தபின் சொன்னார்: "ஏஜென்சிக்காரன் எனக்குப் போடுகிற விலையைவிட இங்கே அடுக்கில் வைத்திருக்கிற விலை குறைவு சார். நான் என்ன செய்ய?"

சிறு கடையா பெரிய கடையா என்று இங்கே மாதத்துக்கு ஒரு முறையாவது சண்டை நடக்கிறது. 'நம் வணிகரைக் காப்போம்' என்று ஒரு பக்கம், 'அவர்கள் அடிக்கும் கொள்ளைக்கு இதுவே மேல்' என்று மறுபக்கம். இந்த எண்ணெய்க் கணக்கை இரண்டு பக்கமும் பேசி நான் பார்த்ததில்லை. நூற்றுக்கணக்கான கிளைகளுக்குச் சேர்த்துக் கம்பெனியிடம் நேரடியாக வாங்குகிறவருக்கு இடையில் இருக்கும் ஏஜென்சியின் பங்கு மிச்சம். கண்ணுக்கு நேரே இருக்கும் அடுக்கில் தங்கள் சரக்கை வைக்கக் கம்பெனிகளே காசு கொடுக்கின்றன. இந்த வசதியில் எண்ணெயைக் கையைக் கடிக்கும் விலைக்குக்கூட விற்கலாம். எண்ணெய்க்காக உள்ளே போகிற நான் வெறும் எண்ணெயோடு வெளியே வருவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். பொங்கலுக்கு முன் வாங்கிய இரண்டு பாஸ்தா பாக்கெட்டுகள் இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில் பிரிக்கப்படாமல் இருக்கின்றன. பாஸ்தா எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்காது.

என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். எட்டு வருடங்களாக மாதச் சாமான் முழுவதையும் பெரிய கடையில்தான் வாங்கினேன். அண்ணாச்சியிடம் வாங்கியது என்ன? விடியற்காலைப் பால், கறிவேப்பிலை, திடீரென்று விருந்தாளி வந்தால் ஒரு தேங்காய், பத்து ரூபாய்க்குக் காப்பித்தூள். இதில் அவருக்கு என்ன நிற்கும்? பால் பாக்கெட்டில் கிடைக்கும் கமிஷன் மிகவும் சொற்பம். ஐந்து மணிக்குக் கடை திறக்க வேண்டும். ஃப்ரிட்ஜ் நாள் முழுக்க ஓட வேண்டும். ஒழுகிப்போன பாக்கெட் பெரும்பாலும் அவர் தலையில். அதனால்தான் பல கடைகளில் 'கூலிங் சார்ஜ்' என்று ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் கூடுதலாக வாங்குகிறார்கள். அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது சட்டப்படி குற்றம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த ஒரு ரூபாய்க்காக அவரிடம் சத்தமாகச் சண்டை போட்டிருக்கிறேன். முதல் நாள்தான் நான்காயிரம் ரூபாய்ச் சாமானை வேறு இடத்தில் வாங்கி, அவர் கடை வாசல் வழியாகவே ஆட்டோவில் கொண்டுவந்திருந்தேன்.

மளிகைக் கடைக்கு ஓரளவு லாபம் நிற்பது பருப்பிலும் புளியிலும் மிளகாயிலும் சீரகத்திலும்தான். அதைத்தான் நாம் முதலில் பெரிய கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். லாபமில்லாத பாலையும், கொசுறாகவே கேட்கிற கறிவேப்பிலையையும் இவரிடம் விட்டுவைத்தோம். பிறகு கடை களையிழந்து கிடக்கிறது என்று குறைப்பட்டுக்கொள்கிறோம்.

அதற்காக அண்ணாச்சிக்கு அகல் விளக்கு ஏற்றி வைக்க நான் தயாரில்லை. பில் கேட்டால் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் கூட்டல் கணக்காக வரும். பொரிகடலையில் வண்டு இருந்ததென்று கொண்டுபோய்க் காட்டினால், வண்டை நான்தான் போட்டேன் என்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு மாற்றித் தருவார். கடைப் பையனுக்கு பி.எஃப். கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது. பெரிய கடையில் பில் போடும் பெண்ணுக்கு அவை இரண்டும் உண்டு; ஆனால் நாள் முழுக்க நிற்க வேண்டும். உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்த வேண்டியிருந்தது. திருத்திய பிறகும் எத்தனை இடங்களில் நாற்காலி இருக்கிறது என்று அடுத்த முறை போகும்போது நீங்களே பாருங்கள். ஒன்று மட்டும் உண்மை: எங்கள் அண்ணாச்சி 14 வருடங்கள் மாமா கடையில் பொட்டலம் கட்டியவர். தொழில் பிடிபட்டதும் மாமாவே முன்பணம் கொடுத்து இந்தக் கடையை வைத்துக்கொடுத்தார். பில் போடும் பெண்ணுக்கு அப்படி ஒரு வழி இல்லை.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவிடம் இந்த விவாதத்தையெல்லாம் சொன்னால் சிரிப்பார். அவருக்கு அண்ணாச்சியின் நீள நோட்டில் ஒரு பக்கம் உண்டு. பத்து ரூபாய் எண்ணெய், கால் கிலோ பருப்பு, இரண்டு முட்டை. சம்பளத் தேதியில் அடித்துவிடுவார்கள். பெரிய கடையின் தள்ளுபடி, மொத்தமாக வாங்கக் கையில் பணமுள்ள எனக்குத்தான். சில்லறையாக வாங்கும் அவர் அதே பருப்புக்குக் கூடுதலாகத் தருகிறார். (ஷாம்பூ ஒரு வேடிக்கையான விதிவிலக்கு: மில்லிக் கணக்குப் பார்த்தால் பல நேரங்களில் பாட்டிலைவிடச் சாஷே மலிவு. ஷாம்பூவைச் சாஷேயில் அடைத்து விற்றுக் காட்டியவர்களில் முன்னோடி நம் கடலூர் சின்னி கிருஷ்ணன்.) அந்தக் கூடுதல் விலையில் கடனுக்கான வட்டியும் அடக்கம் என்பது என் கணிப்பு. அவர் அதைத் தெரிந்தேதான் தருகிறார். வேறு யார் அவருக்குப் பத்திரமில்லாமல் கடன் தருவார்கள்?

2012 செப்டம்பரில் சில்லறை வணிகத்தில் 51 சதவீத அந்நிய முதலீட்டுக்கு மத்திய அரசு கதவைத் திறந்தபோது இங்கே கடையடைப்பு நடந்தது. அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா தமிழ்நாட்டில் அனுமதிக்க முடியாது என்றார். நானும் வீராவேசமாகப் பேசினேன். கடைசியில் எங்கள் பேட்டைக்கு வந்தவை உள்நாட்டுக் கடைகள். யாரும் வாய் திறக்கவில்லை, நான் உட்பட. பெரியவை எல்லாம் நிலைக்கும் என்றும் சொல்வதற்கில்லை. 1997-இல் சென்னையில் தொடங்கிய சுபிக்ஷா, நாடு முழுக்க ஏறத்தாழ 1,600 கடைகளாகப் பெருகி, 2009-இல் பணம் வறண்டு ஷட்டரை இறக்கியது. அது மூடியபோது அதன் வாடிக்கையாளர்கள் மறுபடி தெரு முனைக்குத்தான் வந்தார்கள். அன்று தெரு முனையில் கடை இருந்தது.

இந்த மாதம் சாமான் சிட்டையை அண்ணாச்சியிடம் கொடுத்தேன். துவரம் பருப்பு கிலோவுக்கு ஒன்பது ரூபாய் கூடுதல்தான். மிளகாய் அங்கே வாங்குவதைவிட நன்றாக இருந்தது. சிட்டையைப் பேனாவால் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே வந்தவர், எண்ணெய் வந்ததும் அடித்துவிட்டார்.

"இதை மட்டும் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள் சார். உங்களுக்கு இரண்டு போதுமென்றால், மீதி இரண்டை எனக்கு எடுத்துவந்துவிடுங்கள்."