ஹெல்த் ட்ரிங்க் குடிச்சா விளையாட வேணாமா?

அக்கா, "ரெண்டு வேளை ஹெல்த் ட்ரிங்க் குடுத்தா போதும் புள்ள தன்னால வளரும், வெயில்ல விளையாட விடாதீங்க"ன்னு போட்டிருக்கீங்க, தப்புக்கா அது. நம்ம 2006 உணவுச் சட்டத்துல ஹெல்த் ட்ரிங்க்னு ஒரு வகையே கிடையாது, அதனாலதான் 2024 ஏப்ரல்ல ஆன்லைன் கடைங்கள அந்த லிஸ்ட்லேர்ந்து இந்த மாதிரி டப்பாவெல்லாம் எடுக்கச் சொல்லி மத்திய அரசு சொல்லுச்சு. டப்பாவ திருப்பி சர்க்கரை எவ்ளோன்னு மொதல்ல பாருங்க. 5லேர்ந்து 17 வயசு வரைக்கும் தினம் சராசரியா 1 மணி நேரமாவது மூச்சு வாங்குற அளவுக்கு ஓடியாடணும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. வெயில் பயம்னா சாயங்காலம் அனுப்புங்க, இங்க வியாசர்பாடில என் பையன் 5 மணிக்கு மேலதான் ஃபுட்பால் ஆட போறான், வந்ததும் முன்ன தொடவே தொடாத சுண்டல கிண்ணத்தோட தூக்கி வச்சிக்கினு துன்றான்.