தலைக்கு எவ்வளவு என்ற கேள்வி

கூட்டாகச் சுற்றுலா செல்லத் திட்டமிடும் எந்தக் குழுவிலும் முதலில் எழும் கேள்வி, "தலைக்கு எவ்வளவு ஆகும்?" என்பதுதான். அதற்கு ஓர் எண் கிடைத்து, அது போன முறையைவிடக் குறைவாகவும் இருந்துவிட்டால், புறப்படும் முன்பே அந்தப் பயணம் லாபம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். பல ஆண்டுகளாக நண்பர்கள் குழுவிலும் உறவினர்கள் குழுவிலும் கணக்கு நோட்டைச் சுமந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தக் கேள்வியை இரண்டாவதாகத்தான் கேட்க வேண்டும். போகிற ஒவ்வொருவருக்கும் தம் மனத்துக்குப் பிடித்தபடி கழிக்க எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்பது தெரிந்த பிறகே, கொடுக்கும் பணம் அதிகமா குறைவா என்று பேச முடியும்.

குழுவாகச் செல்வதில் பணம் எங்கே மிச்சமாகிறது என்பதை முதலில் பிரித்துப் பார்ப்போம். வாடகை வாகனம், முழு வீடாக எடுக்கும் தங்குமிடம், வழிகாட்டியின் நாள் ஊதியம் ஆகியவை ஆட்களின் எண்ணிக்கையால் வகுபடும் செலவுகள். பயணச்சீட்டு, நுழைவுக் கட்டணம், சாப்பாடு, காப்பீடு ஆகியவை எத்தனை பேர் சேர்ந்தாலும் ஆளுக்கு ஆள் அப்படியே நிற்பவை. வகுபடும் செலவும்கூடச் சீராகக் குறைவதில்லை. பன்னிரண்டு பேர் அமரும் வண்டியில் பன்னிரண்டாவது ஆள் ஏறும்போது எல்லோருக்கும் செலவு குறைகிறது. பதின்மூன்றாவது ஆள் சேர்ந்தால் இன்னொரு வண்டி தேவைப்பட்டு எல்லோருக்கும் செலவு ஏறுகிறது. அதோடு, ஒருவர் சுமந்த செலவை இருவர் பகிர்ந்தால் பாதி மிச்சம். எட்டுப் பேர் பகிர்ந்ததை ஒன்பது பேர் பகிர்ந்தால் அவரவர் பங்கில் ஒன்பதில் ஒரு பாகம்தான் மிச்சம். "இன்னும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டால் மலிவாகிவிடும்" என்று உற்சாகமாகச் சொல்பவர்கள் இந்த வகுத்தலைப் போட்டுப் பார்ப்பதே இல்லை.

எதிர்ப்பக்கத்தில் நேரம் கரைகிறது. பன்னிரண்டு பேர் கொண்ட குழுவில் ஒருவர் கால் மணி நேரம் தாமதமாக வந்தால், காத்திருக்கும் மற்ற பதினொருவரிடமிருந்தும் மொத்தமாக இரண்டே முக்கால் மணி நேரம் போய்விடுகிறது. அதுவும் ஒரு நாளில் ஒரு முறை நடப்பதல்ல; காலையில் புறப்படும்போதும், ஒவ்வோர் இடத்திலும் இறங்கி மீண்டும் ஏறும்போதும், சாப்பிட எங்கே போவது என்ற விவாதத்திலும் அது திரும்பத் திரும்ப நடக்கிறது. நாங்கள் பதினான்கு பேராகச் சென்ற ஒரு பயணத்தில், எட்டு மணிக்குப் புறப்படுவது என்று முடிவாகியிருந்த ஒரு நாளில் வண்டி நகர்ந்தது ஒன்பதே முக்காலுக்கு. அன்று பார்க்க நினைத்த ஐந்து இடங்களில் மூன்றைத்தான் பார்த்தோம்; மூன்றாவதையும் வாசல் மூடும் நேரத்தில் ஓடிப்போய்ப் பார்த்தோம். தலைக்கணக்குப்படி நாங்கள் போனவற்றிலேயே மலிவான பயணம் அதுதான். இன்றுவரை குடும்பத்தில் யாரும் ஆசையாக நினைவுகூராத பயணமும் அதுதான்.

பயணச்சீட்டு விஷயத்தில் பலரும் அறியாத ஒன்று உண்டு. விமான நிறுவனங்கள் ஒரே விமானத்தின் இருக்கைகளைப் பல கட்டண அடுக்குகளாகப் பிரித்து விற்கின்றன. மிகக் குறைந்த அடுக்கில் நான்கு இருக்கைகள் மட்டும் மீதமிருக்கும்போது ஆறு பேருக்குச் சேர்த்துத் தேடினால், பெரும்பாலான முன்பதிவுத் தளங்கள் ஆறு பேருக்கும் அடுத்த அடுக்கின் கட்டணத்தையே காட்டும். ஆகவே முதலில் ஒருவருக்கு மட்டும் தேடிப் பார்த்து, பிறகு இருவர், நால்வர் என்று கூட்டிப் பார்ப்பது நல்லது. பொதுவாகப் பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் விமான நிறுவனத்திடம் குழுக் கட்டணம் கேட்கலாம். அது எப்போதும் மலிவாக இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். முன்பணம் மட்டும் கட்டி இடத்தைப் பிடித்துவைக்கலாம், பயணிகளின் பெயர்களைப் பின்னர் கொடுக்கலாம் என்பன போன்ற வசதிகளில்தான் அதன் பயன் இருக்கிறது. யாராவது ஒருவர் கடைசி நேரத்தில் விலகாத குழுவை நான் இன்னும் பார்த்ததில்லை என்பதால், அந்த வசதியைச் சிறிதாக எண்ண மாட்டேன்.

எல்லாவற்றையும் ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்துவிடும் பேக்கேஜ் பயணத்தை நான் இகழ்வதில்லை. 1841 ஜூலை 5 அன்று தாமஸ் குக் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலிருந்து லஃப்பரோவுக்குச் சுமார் 500 பேரை ரயிலில் அழைத்துச் சென்றதிலிருந்து, தனியாளுக்கு எட்டாத பயணம் கூட்டத்துக்கு எட்டும் என்பது நிரூபணமாகிக்கொண்டே வருகிறது. அவர் பெயரைத் தாங்கிய நிறுவனம் 2019 செப்டம்பர் 23 அன்று திடீரென மூடப்பட்டதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். வெளிநாடுகளில் இருந்த சுமார் 1,50,000 பிரிட்டன் பயணிகளை அந்நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையமே ஏற்பாடு செய்து ஊர் திருப்பியது. பயணப் பணத்துக்கு அங்கே முன்கூட்டியே ஒரு பாதுகாப்பு முறை இருந்ததால் பேக்கேஜில் சென்றவர்களின் பணம் தப்பியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பேக்கேஜ் பயண விதிகள், நிறுவனம் நொடித்தால் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பை வற்புறுத்துகின்றன; புறப்படுவதற்கு ஏழு நாட்களுக்கு முன்பு தெரிவித்தால் தம் இடத்தை வேறொருவருக்கு மாற்றித் தரவும், விலை 8 சதவீதத்துக்கு மேல் ஏற்றப்பட்டால் அபராதமின்றி விலகவும் பயணிக்கு உரிமை தருகின்றன. இத்தகைய சட்டம் இல்லாத இடங்களில் இதே மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியது நம் வேலை. எழுதித் தர மறுப்பவர் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் எனக்கு அவர் வேண்டாம்.

நிறுவனம் தரும் பயணத் திட்டத்தில் "பார்வை" என்று எழுதப்பட்டிருப்பது உள்ளே சென்று பார்ப்பதா, ஓடும் வண்டியின் ஜன்னல் வழியாகப் பார்ப்பதா என்பதையும் கேட்டுவிட வேண்டும். ஒரு முறை நாங்கள் கேட்காமல் விட்டோம். மூன்று இடங்களை ஜன்னல் வழியாகப் பார்த்தோம், வழிகாட்டிக்குக் கமிஷன் கொடுக்கும் கடைகளில் மட்டும் தாராளமாக இறங்கினோம்.

பணத்தையும் நேரத்தையும் விடக் குழுப் பயணத்தைக் கெடுப்பது நம் மரியாதைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நிர்வாகவியல் அறிஞர் ஜெர்ரி ஹார்வி 1974-இல் தம் குடும்பத்தில் நடந்த ஒன்றைக் கட்டுரையாக எழுதினார். டெக்சாஸின் கடும் வெயிலில், குளிர்சாதனமில்லாத காரில், சாப்பிடுவதற்காக அபிலீன் என்ற ஊர்வரை நெடுந்தூரம் போய் வாடித் திரும்பிய பிறகுதான், நால்வரில் ஒருவருக்கும் போக விருப்பமே இருந்ததில்லை என்பது தெரியவந்தது. மற்றவர்கள் விரும்புகிறார்கள் என்று நினைத்து ஒவ்வொருவரும் தலையாட்டியிருக்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஓர் இடத்தைச் சொல்ல, இருபது கட்டைவிரல் குறிகள் வரிசையாக விழுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அபிலீன்தான் நினைவுக்கு வருகிறது. இப்போது நாங்கள் பொதுவில் கருத்துக் கேட்பதில்லை. தவறவிடக் கூடாத ஒன்று, வரவே விரும்பாத ஒன்று என இரண்டை மட்டும் ஒவ்வொருவரும் தனியாக எனக்கு அனுப்ப வேண்டும். எங்கள் பெரியப்பா பல ஆண்டுகளாக அருவிகளை வெறுத்துவந்தார் என்பதே அப்படித்தான் வெளிவந்தது.

கட்டிவிட்ட பணத்துக்கு நாம் கொடுக்கும் மரியாதையும் இப்படியே குறுக்கே நிற்கிறது. ஆர்க்ஸ், ப்ளூமர் என்ற உளவியலாளர்கள் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வார இறுதியில் இரண்டு பனிச்சறுக்குப் பயணங்களுக்குச் சீட்டு வாங்கிவிட்டதாகவும், மலிவான பயணமே அதிக இன்பம் தரும் என்று அறிந்திருப்பதாகவும் மாணவர்களைக் கற்பனை செய்யச் சொன்னார்கள். பாதிக்கும் மேற்பட்டோர் விலை கூடிய பயணத்தையே தேர்ந்தார்கள். சோர்ந்துபோன குழந்தைகளையும் முழங்கால் வலியோடு நடக்கும் பெரியவர்களையும், "காசு கொடுத்தாயிற்று" என்ற ஒரே காரணத்துக்காக மாலை நிகழ்ச்சிக்கு இழுத்துச் செல்லும் நாம் செய்வதும் அதுதான். போனாலும் போகாவிட்டாலும் அந்தப் பணம் திரும்பாது. அறையில் தூங்கினால் மறுநாள் காலையாவது மிஞ்சும்.

செலவைச் சமமாகப் பங்கிடுவது நாகரிகம் என்ற எண்ணத்தையும் நான் மாற்றிக்கொண்டேன். 2004-இல் பொருளியலாளர்கள் மூவர் உணவகத்தில் நடத்திய சோதனையில், சமமாகப் பங்கிடும் மேசையில் இருந்தவர்கள் அவரவர் பணத்தில் சாப்பிட்டவர்களைவிட அதிகமாகவே வாங்கினார்கள். எனவே வண்டி, தங்குமிடம் போன்ற வகுபடும் செலவுகளுக்கு மட்டும் புறப்படும் முன்பே பொதுப் பணம் வசூலிக்கிறோம். மற்றவை அவரவர் பொறுப்பு. குறைவாகச் சாப்பிடும் அத்தைக்கு இதில் மிகுந்த நிம்மதி.

இன்னொரு மாற்றமும் செய்தோம். ஒவ்வொரு நாளும் அரை நாள் மட்டுமே எல்லோரும் சேர்ந்து போவது. மீதி நேரத்தில் இருவர் மூவராகப் பிரிந்துவிடுவது. இரவுச் சாப்பாட்டுக்கு மீண்டும் கூடுவது. முதலில் இதற்கு எதிர்ப்பு வந்தது. சேர்ந்து வந்துவிட்டுப் பிரிந்து திரிவதற்கு எதற்குக் குழு என்று ஒருவர் கோபமாகவே கேட்டார். வாகனத்துக்குச் சற்று அதிகமாகச் செலவானது உண்மை. ஆனால் இரவில் கூடும்போது ஒவ்வொருவரிடமும் மற்றவர் பார்க்காத ஏதோ ஒன்று சொல்வதற்கு இருந்தது. எதிர்த்தவரே மூன்றாம் நாள் காலையில் தம் பேரனுடன் எங்கோ கிளம்பிப் போய், சாப்பாட்டு நேரத்துக்கு எல்லோருக்கும் கடைசியாக வந்து சேர்ந்தார். அதற்காக யாரும் காத்திருக்கவில்லை. நாங்கள் பாதி சாப்பிட்டு முடித்திருந்தோம்.