எத்தனை மணிக்கு என்று என்னைக் கேட்காதேங்கோ

குடும்பங்களுக்கான நிகழ்ச்சி நாட்காட்டிச் செயலி ஒன்றை வடிவமைக்கிறேன். ரியூசன், கலியாணம், சாமத்தியவீடு, அந்தியேட்டி எல்லாம் ஒரே இடத்தில் தெரியும். நேரம் பெரிய எழுத்தில் இருக்கிறது. நினைவூட்டலும் அடிக்கும். பிறகும் போன் எடுத்து "தம்பி, எத்தனை மணிக்கு?" என்றால் நான் எங்கே போய் முட்டுவது?

சோதித்துப் பார்க்கக் கொடுத்த அன்ரி அதை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். பிறகு நேரம் மாறியது. செயலியில் மாறியது, படத்தில் மாறுமா? பாதிச் சனம் பூட்டிய மண்டபத்தின் வாசலில். பழி யாருக்கு? செயலிக்குத்தான்!

ரொறன்ரோ மாமாவின் கதை தனி. அங்கே கோடையில் நம்மைவிட 9½ மணித்தியாலம் பின்னால், குளிர்காலத்தில் 10½. மண்டையை உடைத்து அதைச் சரிசெய்து கொடுத்தால், "இது யாழ்ப்பாண நேரமோ, எங்கட நேரமோ?" என்று சாமத்தில் எழுப்பிக் கேட்கிறார்.

நல்லூர்த் திருவிழா 25 நாள். 24ஆம் நாள் தேர், அடுத்த நாள் தீர்த்தம். இதை மட்டும் ஒருவரும் கேட்பதில்லை, எந்தச் செயலியும் இல்லாமலே தெரியும்!

இப்போது புதுக் கோரிக்கை: எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கி அனுப்ப வேண்டுமாம். பிரிட்ஜில் ஒட்டவாம்.