நான்கு படம் கேட்டது குற்றமா?

காமிக்ஸ் சேகரிக்கும் நம்மிடையே மூன்று நாள்களாக நடப்பதை எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். ஆகவே யார், எந்த இதழ் என்பதையெல்லாம் மறுபடி விரிக்கப் போவதில்லை. விற்பனைக்கு வந்த ஒரு பழைய காமிக்ஸுக்கு முழுப் பணத்தையும் அனுப்புவதற்கு முன்னால் ஒரு தம்பி அந்த இதழின் நான்கு புகைப்படங்கள் கேட்டார். படங்கள் வரவில்லை. "இத்தனை வருடம் விற்ற என்னைத் திருடனாக்கிவிட்டார்கள்" என்று விற்பவரிடமிருந்து ஒரு நீண்ட வருத்தப் பதிவுதான் வந்தது. அதன் கீழே ஆறுதல் சொன்னவர்களில் பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள், என் மதிப்புக்குரியவர்கள். அதனால்தான் பேசாமல் இருக்க முடியவில்லை.

அந்தத் தம்பி எழுதிய வரிகளை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். "அண்ணா, சிரமம் இல்லையென்றால்" என்று தொடங்கித்தான் கேட்டிருக்கிறார். பதிப்புக் குறிப்பு தெரியும்படி ஒரு படம், நடுப்பக்கத்தில் தாள்களைச் சேர்த்துப் பிடிக்கும் கம்பிப் பின்கள் தெரியும்படி ஒரு படம், வாசகர் கடிதப் பக்கம் ஒரு படம், இன்றைய தேதியையும் விற்பவர் பெயரையும் எழுதிய துண்டுத்தாளை இதழின் பக்கத்தில் வைத்து ஒரு படம். இதில் எந்த வரி அவமானப்படுத்துகிறது? பணம் கொடுக்கப் போகிறவன் பொருளைப் பார்க்க வேண்டும் என்கிறான், அவ்வளவுதான். கேட்பது சந்தேகம் அல்ல, அவமதிப்பும் அல்ல.

அந்த நான்கு படங்களுக்கும் காரணம் உண்டு, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அட்டைப்படம் ஒரு சாட்சியே அல்ல. சூப்பர்மேன் அறிமுகமான, 1938-இல் வந்த ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழை டி.சி. நிறுவனம் 1974-இல் பெரிய அளவில் அப்படியே மறுபதிப்புச் செய்தது. மறுபதிப்பு என்று சொல்லும் தடித்த வெளியட்டையைக் கழற்றிவிட்டால் உள்ளே பழைய அட்டையும் பழைய விலையும் பழைய விளம்பரங்களும் அச்சு அசலாக இருக்கும். அதைக் கழற்றி அசல் என்று விற்றவர்கள் இருக்கிறார்கள். கையில் வாங்கினால் அளவைப் பார்த்தே ஏமாற்று தெரிந்துவிடும், ஏனென்றால் அசலைவிட அது மிகப் பெரியது. ஆனால் படத்தில் அளவு தெரியாது, பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்தால்தான் தெரியும். 1966-இல் இசைத்தட்டுடன் சேர்த்து விற்கப்பட்ட ஸ்பைடர்மேன் முதல் இதழின் மறுபதிப்புக்கு அட்டையில் விலையே இருக்காது. அந்த மூலையை விரலாலோ பளபளப்பாலோ மறைத்துப் படம் எடுத்தால் புதிதாக வாங்குகிறவர் எதைக் கண்டுபிடிப்பார்? இப்போது மார்வெல், டி.சி. ஆகிய காமிக்ஸ் நிறுவனங்கள் வெளியிடும் ஃபாக்சிமிலி பதிப்புகளிலும், அதாவது பழைய இதழின் நேர் நகல்களிலும், விளம்பரம் வரை எல்லாம் பழையதுபோலவே இருக்கும். எந்த ஆண்டு அச்சானது என்பதைச் சொல்வது சின்ன எழுத்தில் உள்ள பதிப்புக் குறிப்புதான். முதல் படம் அதற்காக. இதைவிட மோசமானது முழுக் கள்ளப் பதிப்பு. 1977-இல் வந்த செரிபஸ் என்ற காமிக்ஸின் முதல் இதழுக்கு அப்படி ஒன்று உண்டு. அசலில் அட்டையின் உட்புறம் மங்கலாக இருக்கும், கள்ளப் பதிப்பில் அதுவும் பளபளக்கும். உட்பக்கத்தைக் காட்டாமல் இதை எப்படித் தெரிந்துகொள்வது?

பின்கள் தெரியும் படம், அட்டை பிரிந்து வந்ததா, வேறொரு பிரதியின் நடுத்தாளை இதில் செருகி ஒப்பேற்றியிருக்கிறார்களா என்று பார்க்க. தேதி எழுதிய தாள், இதழ் உண்மையிலேயே அவர் கையில்தான் இருக்கிறதா, எங்கோ முடிந்துபோன ஏலத்தின் படத்தை எடுத்துப் போட்டிருக்கிறாரா என்று பார்க்க. இந்த இரண்டுக்கும் மேல் விளக்கம் தேவையில்லை.

கடிதப் பக்கத்தைப் பற்றி மட்டும் நான் கொஞ்சம் அதிகமாகப் பேச வேண்டும், ஏனென்றால் அந்தப் பாடத்துக்கு நான் விலை கொடுத்திருக்கிறேன். வுல்வரின் என்ற மார்வெல் நாயகன் முதன்முறையாக முழுமையாகத் தோன்றிய இன்கிரெடிபிள் ஹல்க் 181-ஆவது இதழ், 1974 நவம்பர் தேதியிட்டது. எத்தனையோ வருடம் ஆசைப்பட்டு, பல மாதம் பணம் சேர்த்து, இணையத்தில் ஒருவரிடம் வாங்கினேன். முன்னட்டை, பின்னட்டை இரண்டின் படமும் மிக அழகாக இருந்தன. அவர் அன்பாகப் பேசினார், என் சேகரிப்பைப் பற்றி விசாரித்தார், தன் சிறுவயது வாசிப்பைப் பற்றிச் சொன்னார். இவ்வளவு இனிமையாகப் பேசுகிற மனிதரிடம் உள்பக்கங்களைக் காட்டுங்கள் என்று எப்படிக் கேட்பது என்று தயங்கினேன். கேட்கவில்லை.

இதழ் வந்தது. உறையிலிருந்து மெதுவாக எடுத்து, மூச்சு படாமல் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினேன். கடிதப் பக்கத்துக்கு வந்தபோது, அந்தப் பக்கத்தின் வழியாக அடுத்த பக்கம் தெரிந்தது. ஒரு சிறு ஜன்னல்போல நீள்சதுரமாகக் கத்தரித்திருந்தது. ஒரு ஓரம் மட்டும் கொஞ்சம் கோணல், கத்தரி வழுக்கியிருக்க வேண்டும். அந்தக் காலத்தில் மார்வெல் தன் இதழ்களின் கடிதப் பக்கங்களில் மார்வெல் வேல்யூ ஸ்டாம்ப் என்ற சிறு படங்களை அச்சிட்டு, வெட்டி ஒட்டிச் சேர்க்கும்படி வாசகர்களிடம் சொன்னது. எங்கோ ஒரு குழந்தை சந்தோஷமாக வெட்டி ஒட்டியிருக்கிறது. அந்தக் குழந்தைமேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனால் அந்த ஒரு துண்டு இல்லாவிட்டால் அந்த இதழ் முழுமையற்ற பிரதி, அதன் மதிப்பில் பெரும்பங்கு போய்விடும் என்பது விற்றவருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. அவரிடம் கேட்டேன். வந்த பதில் ஒரே வரி: "நீங்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே."

இந்த வரியை மனதில் வைத்துக்கொண்டு அந்த வருத்தப் பதிவைத் திரும்பப் படியுங்கள். வாங்குவதற்கு முன் கேட்டால் அவமதிப்பு, வாங்கிய பின் புலம்பினால் ஏன் முன்பே கேட்கவில்லை. வாங்குகிறவன் எந்த நொடியில்தான் வாய் திறக்க வேண்டும்?

இப்போது சிலர் வருவார்கள் என்று தெரியும். "அவ்வளவு பயம் என்றால் கிரேடு செய்து ஸ்லாபில் அடைத்ததை வாங்க வேண்டியதுதானே" என்பார்கள். அதாவது, ஒரு நிறுவனம் தரம் பார்த்து எண் கொடுத்து, கெட்டி பிளாஸ்டிக் உறையில் முத்திரையிட்டுத் தரும் பிரதியை. வாங்கலாம், வசதி இருப்பவர்கள் வாங்கட்டும். ஆனால் அங்கும் பார்க்காமல் வாங்க முடியாது. 2000-இல் தொடங்கிய சி.ஜி.சி. என்ற தரமிடும் நிறுவனத்தின் உறையில் ஊதா நிற லேபிள் இருந்தால் அந்தப் பிரதி சீரமைக்கப்பட்டது என்று பொருள். லேபிள் வராதபடி படத்தை வெட்டிப் போட்டால் அது தெரியாது. சான்றிதழ் எண்ணை அவர்களுடைய தளத்தில் சரிபார்க்கலாம், அதற்கும் எண் தெரியும்படி படம் கேட்டாக வேண்டும். அதிகத் தர எண் கொண்ட உறைக்குள் தரம் குறைந்த வேறு பிரதியை மாற்றி வைத்த மோசடி 2023-இன் இறுதியில் வெளிப்பட்டு, சந்தேகத்துக்குரிய சான்றிதழ் எண்களை அந்த நிறுவனமே பட்டியலிட்டு வெளியிட வேண்டி வந்ததை இதற்குள் மறந்துவிட்டோமா? அடைத்து முத்திரையிட்ட உறையையே உற்றுப் பார்க்க வேண்டிய காலத்தில், வெறும் பாலிதீன் உறையில் இருக்கும் இதழுக்குப் படம் கேட்டவன் குற்றவாளியாகிவிட்டான்.

"இருபது படம் வாங்கிவிட்டுக் காணாமல் போகிறவர்களும் இருக்கிறார்களே" என்பது இன்னொன்று. இருக்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். அது விற்பவருக்கு எரிச்சல்தான். அதற்காகப் பணத்தைத் தயாராக வைத்துக்கொண்டு நான்கே படம் கேட்டவரைப் பொதுவெளியில் நிறுத்தி அடிப்பது நியாயமாகிவிடாது. நேரமில்லை என்ற வாதத்துக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. அவ்வளவு நீளமான வருத்தப் பதிவை எழுத நேரம் இருந்திருக்கிறது.

"நேர்மையானவர்களின் மனம் நோகும்" என்பதுதான் எல்லாரும் திரும்பத் திரும்பச் சொல்வது. நானும் விற்றிருக்கிறேன். என்னிடமும் படம் கேட்டிருக்கிறார்கள். ஒருவர், இதழின் பின்கள் துருப்பிடித்திருக்கின்றனவா என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் வெளிச்சத்தில் வைத்து எடுத்து அனுப்பினேன். எனக்கு நோகவில்லை, சந்தோஷமாக இருந்தது, ஏனென்றால் இவ்வளவு கேட்கிற ஆள் அந்த இதழை நன்றாக வைத்துக்கொள்வார் என்று தெரிந்துவிட்டது. கையில் நல்ல பிரதி இருப்பவர் அதைக் காட்டத் துடிப்பார். நம்மில் யார் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அலமாரியைத்தானே திறக்கிறோம்?

யாரும் கவனிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த விற்பனை அறிவிப்பின் கடைசி வரியில், பேபால் என்ற இணையப் பணச் சேவையில் நண்பர்களுக்கும் குடும்பத்தினருக்கும் அனுப்பும் வழியில்தான் பணம் அனுப்ப வேண்டும், கட்டணம் மிச்சமாகும் என்று இருந்தது. அந்த வழியில் அனுப்பிய பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. இதழ் வராவிட்டாலும், வேறு ஏதாவது வந்தாலும், முறையிட இடம் இல்லை. அந்த விற்பனையாளர் மோசடிக்காரர் என்று நான் சொல்லவில்லை, எனக்குத் தெரியாது. ஆனால் பாதுகாப்பில்லாத வழியில் பணமும் வேண்டும், படமும் காட்ட மாட்டேன், கேட்டால் மனமும் நோகும் என்றால், ஆறுதல் சொன்னவர்களில் ஒருவருக்காவது இது உறுத்தியிருக்க வேண்டாமா? நாளை அந்தத் தம்பி ஏமாந்திருந்தால் இவர்களே வரிசையில் வந்து "விலை குறைவாக இருக்கும்போதே தெரிய வேண்டாமா" என்று புத்தி சொல்லியிருப்பார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

எனக்கு உண்மையில் வலித்தது எது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அந்த வருத்தப் பதிவின் கீழே வந்த முதல் ஆறுதல்களில் ஒன்று, எனக்கு அந்த ஹல்க் இதழை விற்றவருடையது. "கேள்வி கேட்பவர்களின் பணமே நமக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்" என்று எழுதியிருக்கிறார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே என்றவர் அவர்தான். அதை நூற்றுக்கும் மேற்பட்டோர் விரும்பியிருக்கிறார்கள். வெட்டுப்பட்ட அந்த இதழ் இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது. கடிதப் பக்கத்தைக் காட்டாமல் அதை இன்னொருவருக்கு விற்க எனக்கு மனம் வரவில்லை, காட்டி விற்றால் கொடுத்ததில் சிறு பங்குகூடத் திரும்பாது.

தம்பி, நேற்றிரவு நீங்கள் மன்னிப்புக் கேட்டு எழுதியதைப் பார்த்தேன். தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். நீங்கள் கேட்ட நான்கு படங்கள் இன்னும் வரவில்லை.